“உக்காந்து பேசுங்க, அம்மா”

அந்தக் கோல் வந்தபோது சின்னம்மா பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். காலை பத்தரை மணி. தேயிலைக் கொழுந்துக்குப் போனவர்கள் மலையில் இருக்கும் நேரம். லயத்து வரிசை வீடுகளில் வயதானவர்களும் கைப்பிள்ளைகளும்தான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருக்கிறார். “வணக்கம் அம்மா” என்று தொடங்கிய குரல், முழுப்பெயரைச் சொல்லி அவர்தானா என்று கேட்டிருக்கிறது. ஆமாம் என்றதும், “தண்ணிச் சத்தம் கேக்குதே, நின்னுக்கிட்டே பேசாதீங்க அம்மா. உக்காந்து பேசுங்க. நல்ல செய்திதான்” என்றிருக்கிறது.

சின்னம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அன்று மதியத்துக்குள் அவரிடமிருந்து 27,000 ரூபா போய்விட்டது.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது தம்பி, பேரு மட்டும் போடாத” என்றார். அதனால் பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டிய ஒரு டிவிசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்ன கதை இதுதான். கொழும்பு ஹெட் ஆபீசிலிருந்து பேசுகிறான். சின்னம்மா வேலையிலிருந்து நின்றபோது எடுத்த காசில் ஒரு பகுதி கணக்குத் தவறி நின்றுவிட்டது. வட்டியோடு 284,000 ரூபா இருக்கிறது. இன்று மூன்று மணிக்குள் விடுவிக்காவிட்டால் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். விடுவிக்க வரியும் முத்திரைச் செலவுமாக 12,000 ரூபா கட்டவேண்டும். கட்டிய கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோல்: கோப்பு மேலிடத்துக்குப் போய்விட்டது, அதற்கு 15,000. கடைசியாக ஒரு எச்சரிக்கை: “தோட்டத்து ஆபீசுக்கோ தலைவருக்கோ சொல்லாதீங்க அம்மா. தெரிஞ்சா கமிஷன் கேப்பாங்க.”

27,000 ரூபா என்பது அப்போது 20 பேர். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர் விழும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 2021இல் 1,000 ரூபாவுக்கு வந்த நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. சின்னம்மா இப்போது பேர் போடுகிறவர் அல்ல. மகள் தீபாவளிக்கு என்று கொடுத்து வைத்திருந்த காசும், பக்கத்துக் காம்பராவில் கைமாற்றாக வாங்கியதும்தான் அந்த 27,000. கடைவீதிக்கு ஓட்டோ பிடித்துப் போய், ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்து, அவன் சொன்ன நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்.

எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் கைமாற்று கொடுத்த அக்கா சொல்லி. ஓடிப் போனேன். போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, “எப்படி சின்னம்மா இதை நம்பினீங்க?” அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆபீசுல யாரு தம்பி நம்மள உக்காரச் சொல்றாங்க? அவன் சொன்னான்” என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். மோசடிக் கோல்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த வகுப்புகளில் இந்த விஷயம் இல்லை. சின்னம்மாவின் வாக்கியத்தைக் கேட்ட பிறகு அவருடைய போனை வாங்கி மெசேஜ்களை முதலிலிருந்து பார்த்தேன். வங்கியிலிருந்து வந்தவை ஆங்கிலத்தில். போன் கம்பனியிடமிருந்து வந்தவை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஒன்றுகூட அவரால் வாசிக்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் அழகான தமிழில், “அன்புள்ள அம்மா” என்று தொடங்கியது ஒரே ஒரு மெசேஜ். அது அவன் அனுப்பியது, காசு போடவேண்டிய நம்பரோடு.

1987இல் 13ஆவது திருத்தம் வந்த நாளிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சின்னம்மாவின் போனுக்குள் தமிழைக் கொண்டுவந்தவன் திருடன்தான். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். “எழுத்துப் பிழை இருந்தால் அது மோசடி” என்று எல்லா இடத்திலும் புத்தி சொல்கிறார்கள். நம் ஊரில் அந்த அளவுகோல் உதவாது. பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் தமிழைப் பிழையாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே உண்மையான அறிவித்தலில்தான் பிழை இருக்கும், பொய்யான மெசேஜில் தமிழ் சுத்தமாக இருக்கும். கணினியே எந்த மொழியிலும் எழுதித் தருகிற காலத்தில் இது இன்னும் மோசமாகும்.

அப்புறம் அந்தப் பிறந்த திகதி. சின்னம்மா முழுதாக நம்பியது அதில்தான். “68 மார்ச் 3ஆம் திகதிதானே அம்மா?” என்று கேட்டிருக்கிறான். “நான் பொறந்த நாளு நம்ம வீட்டுலயே யாருக்கும் தெரியாது தம்பி, அவனுக்குத் தெரிஞ்சிருக்கே” என்றார். நான் அவருடைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். பழைய அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. 68, அடுத்து 563 என்றால் 1968இல் 63ஆவது நாள் பிறந்த பெண்: ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச்சில் 3. 2016இலிருந்து கொடுக்கும் 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாக இருக்கும். ஆக, அடையாள அட்டை இலக்கம் தெரிந்தவனுக்கு உங்கள் பிறந்த நாளும் தெரியும், நீங்கள் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். அந்த இலக்கத்தை நாம் எங்கேதான் கொடுக்கவில்லை? சிம் வாங்கும்போது, நகை அடகு வைக்கும்போது, நுண்கடனுக்கு, சங்கத்துக்கு, நிவாரணப் பட்டியலுக்கு. எல்லா இடத்திலும் ஒரு போட்டோ கொப்பி.

சின்னம்மா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் தன் பிறந்த நாள் அதற்குள்ளேயே இருந்ததை அன்றுதான் அறிந்தார்.

பேப்பர் என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. அது சும்மா வந்ததில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர் என்று குடும்பங்களைப் பிரித்தது. கடைசிவரை மிச்சமாக நின்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு விண்ணப்பம் தவறினால், ஒரு திகதி தப்பினால் வாழ்க்கையே மாறும் என்பதைக் கண்ணால் பார்த்த சனம் நாம். “இன்று மூன்று மணிக்குள்” என்று ஒருவன் சொன்னால் நம் வயிறு கலங்குவது இயல்பு. அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணத்தை வைத்து, “அஸ்வெசும பட்டியலில் உங்கள் பெயர் நீக்கப்படப் போகிறது, உடனே இந்த லிங்கை அழுத்துங்கள்” என்று ஒரு மெசேஜ் வந்தாலும் அப்படித்தான். பெயர் வெட்டப்படும் என்ற பயத்தைத்தான் அவர்கள் பிடித்து இழுக்கிறார்கள்.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று பெற்றோர் கேட்கிறார்கள். மொழியை வைத்து முடியாது. குரலை வைத்து முடியாது. மெசேஜின் மேலே வருகிற பெயரை வைத்தும் முடியாது. அந்த இடத்தில் நம்பருக்குப் பதிலாக எந்தப் பெயரையும் போட்டு அனுப்ப வழி இருக்கிறது. அதனால் உங்கள் வங்கியின் உண்மையான மெசேஜ்கள் வரிசையாக இருக்கும் அதே இடத்தில் பொய்யான மெசேஜும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இப்போது பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் என்னிடம் என்ன கேட்கிறார்? வரவேண்டிய காசுக்கு முன்காசு கேட்டால், போனில் வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டால், கார்ட் இலக்கத்தைக் கேட்டால், ஏதாவது ஒரு ஆப்பைப் போனில் இறக்கச் சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்றால் போனை வைத்துவிடலாம். யாராக இருந்தாலும் சரி.

சேமலாப நிதியின் கணக்கைச் சின்னம்மாவுக்கு நான் விளக்கியது இப்படி. ஈ.பி.எஃப்.இல் நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், தோட்டம் 12 சதவீதம் போடும். நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்.இல் 3 சதவீதம், அதைத் தோட்டம் மட்டும் போடவேண்டும், நம்மிடம் பிடிக்கக் கூடாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எஃப். எடுக்கலாம். இது முழுக்க நம் உழைப்புக் காசு. அதைக் கொடுக்கிற எவரும் கொமினிகேஷனில் போய் இன்னொருவனுடைய நம்பருக்கு 12,000 போடு என்று சொல்லமாட்டார்கள். பாக்கி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அடையாள அட்டையோடும் சம்பளச் சீட்டோடும் தொழில் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். ஒரு நாள் போகும், பஸ் காசு போகும். அவ்வளவுதான் போகும்.

அந்த ஆறு இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஓ.டி.பி. என்பது வீட்டுத் திறப்பு மாதிரி. உங்கள் கணக்கிலிருந்து காசு போகவோ, உங்கள் கணக்கை இன்னொரு போனில் திறக்கவோ யாரோ முயலும்போதுதான் அது உங்களுக்கு வருகிறது. காசு உள்ளே வருவதற்கு ஓ.டி.பி. தேவையே இல்லை, கணக்கு இலக்கம் போதும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இது நடந்தது. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்களே, அப்போது பாடம் அனுப்பத் தொடங்கிய குழு அது. அதில் ஒரு தாய்க்கு, குழுவில் இருக்கும் இன்னொருவரின் பெயரில் மெசேஜ்: “அக்கா, தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்புங்க.” அனுப்பினார். அது அவருடைய வட்ஸ்அப்பையே வேறு போனில் திறப்பதற்கான கோட். பத்து நிமிடத்தில் அவர் வெளியே, எவனோ உள்ளே. குழுவில் எல்லோருக்கும் அவர் பெயரில், “அவசரமா 10,000 தேவைப்படுது, நாளைக்குத் தாறேன்” என்று போனது. இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் தப்பியது, ஒரு தகப்பன் அந்தத் தாயின் லயத்துக்கே நடந்து போய்க் கேட்டதால். பிறகு அவருடைய நம்பரை அவருடைய போனிலேயே மறுபடி பதிந்தோம். அப்படிச் செய்ததும் அங்கே இருந்தவன் தானாக வெளியே விழுந்தான். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு என்று செட்டிங்கில் ஒன்று இருக்கிறது, அதில் நமக்கு மட்டும் தெரிந்த ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டு வையுங்கள். அது இருந்தால் வந்த கோட் மட்டும் போதாது.

பார்சல் மெசேஜ் எல்லோருக்கும் வந்திருக்கும். தபால் பார்சல் நிற்கிறது, முகவரி முழுமையில்லை, சிறிய கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு லிங்க். கேட்கும் தொகை சின்னதாக இருக்கும், அதனால் பயம் வராது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது அந்தச் சின்னத் தொகை இல்லை, அங்கே நீங்கள் அடிக்கும் கார்ட் இலக்கம். லிங்கை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் சொந்தக்காரன். அஞ்சல் திணைக்களத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் எல்கே’ என்று முடியும். பொய்யான முகவரியிலும் அந்த எழுத்துகள் இருக்கும், ஆனால் நடுவில் கோடு போட்டு ஒட்டியிருப்பார்கள். முடிகிற இடத்தில் ‘டாட் டொப்’ என்றோ வேறு ஏதோவோ இருக்கும். சின்னம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒரே பேச்சு: லிங்க் வந்தால் தொடவேண்டாம், எனக்குக் காட்டுங்கள்.

இளம் பிள்ளைகளுக்கு வருவது வேறு. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ஸ்டார் கொடு, காசு தருகிறோம் என்பார்கள். முதலில் உண்மையாகவே சில நூறு ரூபா வரும். பிறகு பெரிய வேலைக்கு வைப்புக் கேட்பார்கள், அதோடு முடிந்தது. இதைவிட எனக்குப் பயம் தருவது, “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தா, வருகிற காசை எடுத்துக் கொடு, கமிஷன் வைத்துக்கொள்” என்பது. சின்னம்மா போன்றவர்கள் போட்ட காசு அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் போகிறது. பொலிஸ் தேடி வருவது கணக்குச் சொந்தக்காரனான நம் பையனைத்தான். மேலே இருக்கிறவன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டுக் கணினி வேலை என்று போனவர்கள் மியன்மாரின் மியாவடியில் மோசடி முகாம்களில் அடைபட்டு, இதே மெசேஜ்களை அனுப்பும்படி அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் இலங்கையர்களும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முதலில் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற நம்பருக்கு எடுத்துக் கேளுங்கள், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று.

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்னொரு விதம் வரும்: “உங்க மகன் பொலிசுல மாட்டியிருக்கான், விடணும்னா காசு.” அந்தக் கோலை வெட்டிவிட்டு மகனை எடுங்கள். அவன் எடுக்கவில்லை என்றால் கூட வேலை செய்கிறவனை எடுங்கள். அந்த நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள்.

காசு போய்விட்டால் நேரம்தான் முக்கியம். வங்கிக்கு வங்கி காசு நொடியில் போய்விடுகிறது, அதனால் முதல் கோல் வங்கிக்கு: கணக்கை, கார்டை நிறுத்தச் சொல்லி. போன் வழியாக அனுப்பியிருந்தால் அந்தக் கம்பனிக்கு. பிறகு பொலிஸ் முறைப்பாடு. இணைய மோசடிகளுக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 என்ற நம்பர் இருக்கிறது. வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற நம்பர். மெசேஜை அழிக்காதீர்கள், கோல் வந்த நேரத்தை எழுதி வையுங்கள், கொமினிகேஷன் பில்லை எறியாதீர்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சின்னம்மா விஷயத்தில் நான்கு நாள் போய்விட்டது. காசு வரவில்லை. அந்த நான்கு நாளும் அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவனில்லை, நாங்கள்தான். திட்டுவோம் என்று பயந்தார். பில்லை அரிசிப் பானைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். இரண்டு கிழமை கழித்து வேறொருவன் கோல் எடுத்து, போன காசை மீட்டுத் தருகிறோம், பதிவுக்கு 5,000 கட்டுங்கள் என்றான். ஒரு தடவை ஏமாந்தவர்களின் நம்பரை இவர்கள் தங்களுக்குள் கைமாற்றுகிறார்கள். இந்தமுறை சின்னம்மா கோலை வெட்டிவிட்டு உடனே எனக்கு எடுத்தார். பாடவேளை நடுவில் வகுப்பைவிட்டு வெளியே வந்து பேசினேன். அவர் எப்போது எடுத்தாலும் பேசுவேன் என்று சொல்லியிருந்தேன்.

போன மாதம் இன்னொரு கோல். ஒரு படிவத்தோடு சேர்க்கவேண்டிய கொப்பி குறைகிறது, கொண்டுவாருங்கள் என்று ஒரு பெண், பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக. சின்னம்மா கேட்டாராம்: “உங்க பேரென்ன நோனா, எந்த ஆபீசு? வியாழக்கிழமை நேருல வாறேன், போனுல ஒண்ணும் சொல்லமாட்டேன்.” வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். தொழில் அலுவலகத்தில் அந்தப் பெயருள்ளவர் உண்மையாகவே இருந்தார். கோப்பைப் பார்த்தார், “அன்னைக்கு ஃபோன் பண்ணினது நான்தான்” என்றார், கொப்பியை வாங்கிக்கொண்டார். சின்னம்மா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் கோப்பிலிருந்து நிமிர்ந்து, பக்கத்திலிருந்த கதிரையைக் காட்டி, “வாடிவென்ன அம்மா” என்று சிங்களத்தில் உட்காரச் சொன்னார். சின்னம்மா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.